அடி வாங்கியது நான் இல்லை

எஹலியகொடைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருக்கிறேன். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். ஆனால் சிங்களம் தண்ணீர் மாதிரி வரும். அதனால் வீட்டில் அடிபட்ட பெண்கள் பொலிசில் தங்களுக்காகச் சிங்களத்தில் பேச என்னைத்தான் கூப்பிடுவார்கள். கூப்பிட்ட நேரமெல்லாம் போனேன். கொஞ்ச காலமாகச் சோறு இறங்கவில்லை, தூக்கமும் இல்லை. வயசுக் கோளாறு என்று விட்டுவிட்டேன்.

ஒரு நாள் எங்கள் தோட்டத்துச் செல்வியோடு போனேன். அவள், "எங்க வீட்டுக்காரரு என்னைய வெறகுக் கட்டையால அடிச்சாருங்க" என்றாள். வழக்கம்போல நானும் அவள் சொன்னபடியே, "என் புருசன் என்னை அடித்தார்" என்றே சிங்களத்தில் சொன்னேன். பாதியில் எனக்கு அழுகை வந்துவிட்டது, நிற்கவே இல்லை. புதிதாக வந்த பொலிஸ்காரர் முறைப்பாட்டை என் பெயரில் எழுதி, என்னிடம் பேனாவை நீட்டினார். நானும் வாங்கிவிட்டேன்.

செல்விதான் கையைப் பிடித்தாள். "பெரியம்மா, அடி வாங்கினது நானு! பெரியப்பாவ உள்ள தள்ளிறாதீங்க!"

பொலிஸ்காரர் சிரித்துக்கொண்டே திருப்பி எழுதினார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் கையெழுத்துப் போட்டிருந்தால் அந்தப் பிள்ளையின் முறைப்பாடு வீணாகியிருக்கும். சோறும் தூக்கமும் போனது வயசால் இல்லை என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

இப்போது "இவளை அடித்தானாம்" என்றுதான் சொல்கிறேன். பக்கத்து லயத்து வீட்டு வரிசையில் இருக்கும் மேரியும் நானும் முறை வைத்துப் போகிறோம். போய் வந்ததும் குளித்து, சாப்பிட்டுப் படுத்துவிடுவேன். என் முறை இல்லாத நாளில் யார் வந்தாலும், "மேரிகிட்ட போம்மா" என்று அனுப்பிவிடுகிறேன். மேரிக்கு என் அளவு சிங்களம் வராது. ஆனாலும் போதும்.