பதினெட்டுச் சுற்று

என் அக்கா வீட்டுக்காரர் ஊருக்குத் தண்ணீர் திறந்துவிடுகிறவர். முப்பத்தொரு வருஷ வேலை. சரியான பிடிவாதக்காரர், ஆனால் தங்கமான மனுஷன். தெருமுனை வால்வைத் திறக்குமுன் சைக்கிள் மணியை மூன்று தடவை அடிப்பார். யாரும் குடத்தைத் தூக்கிக்கொண்டு விழுந்தடித்து ஓடிவரக் கூடாதாம். ரயில் பாதைக்கு அந்தப் பக்கத் தெருவில் இரட்டைக் குழந்தைக்காரி ஒருத்தி இருக்கிறாள் என்று அங்கே மட்டும் பத்து நிமிஷம் முன்னதாகவே மணி.

அந்தத் தெருவின் நாற்பது வீட்டுக்கும் தண்ணீரை நிறுத்துவது என்று நகர சபையில் தீர்மானம் வந்தது. பிழைக்க வந்தவர்கள், வீட்டுக்குப் பத்திரம் இல்லை, அதுதான் குற்றம். ஒன்பது பேர் ஆதரவு, இரண்டு பேர் எதிர்ப்பு. அந்த ஒன்பதில் கவுன்சிலரான நானும் ஒருவன். பக்கத்தில் இருந்தவர் கையைத் தூக்கினார், நானும் தூக்கித் தொலைத்தேன்.

வால்வை மூட மாட்டேன் என்று அத்தான் எழுதிக் கொடுத்துவிட்டார். ஓய்வூதியத்துக்கு எட்டே மாசம். வேலை போனால் அதுவும் போச்சு. அக்கா போனில் அழுதாள். பதறிக்கொண்டு போனேன். அந்தத் தெருவுக்குத் தண்ணீரைத் திறந்துவிட்டு, முனையில் சாவகாசமாக சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“சட்டம்னா சட்டம், அத்தான். ஒம்பது பேர் சொல்றது தப்பு, நீங்க ஒருத்தர் சொல்றதுதான் சரியா?”

“ஒம்பது பேரும் நல்லவங்கதான் மாப்ளே. ஆனா மூடப்போறது என் கை. அந்தக் கையாலதானே நான் சாப்பிடணும்?”

“அக்காவை நினைச்சுப் பாருங்க!”

அவர் வால்வுக் குழியின் இரும்பு மூடியை நகர்த்தி, நீளச் சாவியை வால்வில் மாட்டினார்.

“பதினெட்டுச் சுத்து. கை தூக்கினவன் நீதானே, வா, நீயே மூடு. நான் தடுக்கலை.”

எனக்குக் கோபம் தலைக்கேறியது. சுற்றினேன். பதினைந்தாவது சுற்றில் எதிர்வீட்டிலிருந்து இரட்டைக் குழந்தைக்காரி எட்டிப் பார்த்தாள். இடுப்பில் ஒன்று, காலைக் கட்டிக்கொண்டு ஒன்று.

“அண்ணே, அதுக்குள்ள நிறுத்திட்டீங்களா? பாதிக் குடம்கூட நிறையலையே.”

அத்தான் என்னைப் பார்த்தார். பாவி மனுஷன், மறுபடி சைக்கிளைத் துடைக்கப் போய்விட்டார். எனக்கு அவமானத்தில் கண் கலங்கிவிட்டது. பதினைந்து சுற்றையும் திருப்பிச் சுற்றினேன்.

அடுத்த கூட்டத்தில் தீர்மானத்தை மறுபடி வாக்குக்கு விடச் சொல்லி, என் வாக்கை மாற்றினேன். எட்டுக்கு மூன்று, தோற்றோம். அத்தானை நீக்கினார்கள், புது ஆள் வந்து வால்வை மூடினான்.

இப்போது என் வீட்டுக் குழாயில் குடங்களை நிரப்பி, சைக்கிளில் கட்டி, அத்தான் அங்கே கொண்டுபோகிறார். அக்கா திட்டிக்கொண்டே குடம் தேய்த்துக் கொடுக்கிறாள். இதையும் தடுக்கத் தீர்மானம் வரப்போகிறதாம். வரட்டும். தெருமுனையில் மூன்று தடவை மணி அடிக்கிறார் அவர். பின்னாலிருந்து சைக்கிளைத் தள்ளுகிறேன் நான்.