சுபேதாருக்கு எந்தக் கை?

எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் இரண்டு விஷயங்களைக் கேட்காமல் திரும்பிப் போகமுடியாது. ஒன்று, அப்பாவின் பாட்டனாருக்குப் பாட்டனாரான சுபேதார். மற்றது, என் இடது கை. சுபேதாரைப் பற்றி அப்பா கூடத்தில் உட்கார்ந்து முழங்குவார். என் கையைப் பற்றி அத்தை அடுக்களையில் குரலைத் தாழ்த்திக்கொண்டு அங்கலாய்ப்பாள். திருவிதாங்கூரின் எல்லையில், ஆரல்வாய்மொழிக் கோட்டையைக் காவல் காத்த படைக்கு எங்கள் சுபேதார்தான் அதிகாரி என்பது அப்பாவின் பெருமை. பெண்ணாகப் பிறந்துவிட்டு எதை எடுத்தாலும் பீச்சாங்கையால் எடுக்கிற ஒன்பது வயதுக்காரியை நாளைக்கு எவன் கட்டுவான் என்பது அத்தையின் கவலை.

அத்தை அப்பாவுக்கு மூத்தவள். கல்யாணமான மறுவருஷமே புருஷனை இழந்து தம்பி வீட்டோடு வந்துவிட்டவள். பழவங்காடிப் பிள்ளையாருக்கு அடுத்தபடி எங்கள் வீட்டில் அவள் வாக்குக்குத்தான் மதிப்பு. சாப்பாட்டு நேரம் வந்தால், பழைய வேட்டியில் கிழித்த ஒரு துண்டை என் இடது மணிக்கட்டில் சுற்றி, முதுகுப் பக்கம் பாவாடை நாடாவோடு இறுக்கிக் கட்டிவிடுவாள். அவள் போட்ட முடிச்சில் யானையைக் கட்டலாம். நான் வலது கையால் தட்டுத்தடுமாறிப் பிசைகிற சோறு பாதி வாய்க்கும் பாதி மடிக்கும் போகும். அழுதால் ஒரே வசனம்தான்.

"நம்ம குலத்துல இல்லாத வழக்கம் உனக்கு மட்டும் எங்கயிருந்துட்டி வந்துது?"

அத்தையின் இடது கையிலும் ஒரு கோளாறு உண்டு. நான்கு விரல்களின் மேலேயும் குறுக்காக, கோடு கிழித்த மாதிரி ஒரு பழைய தீத்தழும்பு. சின்ன வயதில் அடுப்படியில் பட்டுக்கொண்டது என்பாள். எப்படிப் பட்டது என்று கேட்டால், "போய்ப் படி" என்பாள்.

குலத்தில் இல்லை, குலத்தில் இல்லை என்று கேட்டுக் கேட்டு எனக்கு ஒரு நாள் ஆத்திரத்தோடு யோசனையும் வந்தது. குலத்தில் ஒரே ஒரு பீச்சாங்கைக்காரரைப் பிடித்துவிட்டால் அப்புறம் என்னை எப்படிக் கட்டுவார்கள்? அன்றிலிருந்து வருகிற உறவுக்காரர்கள் யாரையும் நான் சும்மா விடவில்லை. உங்க அப்பா எந்தக் கையால வெற்றிலை மடிப்பார், உங்க சித்தி எந்தக் கையால கோலம் போடுவாள் என்று துளைத்தெடுத்தேன். எல்லாரும் வலது கை. போய்ச் சேர்ந்தவர்கள்கூட ஒருத்தர் பாக்கியில்லாமல் வலது கை! அப்படியும் நான் விடுவதாக இல்லை.

அந்தச் சமயத்தில்தான் அப்பாவுக்கும் ஒரு வீறாப்பு வந்தது. அவர் சர்க்கார் கச்சேரியில் குமாஸ்தா. சுபேதார் கதையை எத்தனையோ தடவை கேட்டு அலுத்துப்போன பக்கத்து நாற்காலிக்காரர், "தெளிவு வல்லதும் உண்டோ பிள்ளே?" என்று மலையாளத்தில் ஆதாரம் கேட்டுவிட்டாராம். பூஜையறையில் சுபேதாரின் வாள் இருக்கிறது என்று அப்பா சொன்னதற்கு, வாள் சந்தையிலும் கிடைக்குமே என்று இன்னொருவர் சொல்ல, கச்சேரியே சிரித்திருக்கிறது. அப்பா வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று சொன்னார்:

"ஆரல்வாய்மொழிக்குப் போறேன். அவரு நின்ன எடத்தைப் பாக்காம திரும்ப மாட்டேன்."

"நானும்" என்றேன். வேண்டாம் என்றார்கள். அடம் பிடித்தேன், அழுதேன், சாப்பிட மாட்டேன் என்றேன். "ரெண்டுக்கும் ஒரே கிறுக்கு. சேந்தே போயிட்டு வரட்டும்" என்று அம்மா கை கழுவிவிட்டாள்.

அது யுத்த காலம். பெட்ரோல் கிடைக்காமல் பஸ்கள் கரியில் ஓடிக்கொண்டிருந்தன. மேடு வந்தால் பஸ் மூச்சுவாங்கி நின்றுவிடும். ஆம்பிளைகள் இறங்கித் தள்ளவேண்டும். எல்லைப்படை அதிகாரியின் வாரிசு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, முகமெல்லாம் கரியாகத் தள்ளினார். நாகர்கோவிலில் இறங்கி மாட்டுவண்டி பிடித்துப் போய்ச் சேர்ந்தோம். இரண்டு மலைகளுக்கு நடுவே அடிக்கிற காற்று என் பாவாடையைப் பிடித்து இழுத்தது. அப்பா வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்த கோட்டை எங்கே என்று தேடினால், அங்கங்கே இடிந்த மதிலும் முள்ளும்தான் இருந்தன.

ஊரில் நாலு பேரிடம் கேட்டோம். யாருக்கும் தெரியவில்லை. வண்டிக்காரர் திரும்பலாமா என்றார். அப்பா அவர் முகத்தைக்கூடப் பார்க்காமல் மதிலை ஒட்டியே நடந்தார். வெயில் மண்டையைப் பிளந்தது. முள் குத்திய காலை நொண்டிக்கொண்டு நானும் பின்னாலேயே போனேன். கடைசியில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மாளிடம் அப்பா விசாரித்தார்.

"சுபேதார் சாமியவா கேக்கிய? அந்தா, ஒடமரத்துக்குப் பொறத்த நிக்காரு."

உடைமரத்துக்குப் பின்னால், என் உயரத்துக்கு ஆள் உருவம் கொத்திய ஒரு கல் நட்டிருந்தது. முறுக்கு மீசை, தலைப்பாகை, இடுப்புக் கச்சை. அடியில் எண்ணெய்ப் பிசுக்கும் வாடின அரளிப்பூவும். அப்பா அப்படியே தரையில் விழுந்து கும்பிட்டார். எழுந்தபோது அவர் கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அப்பா அழுது நான் அதுவரை பார்த்ததில்லை. எனக்கும் அழுகை வந்திருக்கும், ஆனால் என் கண் வேறெங்கோ இருந்தது. கல்லில் நின்றவருக்கு வலது கை இடுப்பில் இருந்தது. ஓங்கிய வாள் இடது கையில் இருந்தது.

"அப்பா! சுபேதார் தாத்தாவும் பீச்சாங்கை!"

அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு கல்லைச் சுற்றிச் சுற்றி வந்தார். "கல்லு கொத்தினவன் கையை மாத்திட்டான்" என்றார்.

"மாத்தவும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்றாள் ஆட்டுக்கார அம்மாள். "அவரு பீச்சாங்கையிலதான் வெட்டுவாராம். எதுக்க நிக்கவனுக்கு எந்தப் பக்கம் தடுக்கதுன்னே தெரியாதாம்."

திரும்பும் வழியில் அப்பா இதைப் பலமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். தக்கலை தாண்டுவதற்குள் சுபேதாரின் இடது கை ஒரு யுத்த தந்திரமாகிவிட்டது. கச்சேரியில் எப்படிச் சொல்லவேண்டும் என்று தயார் செய்துகொண்டு வந்தார். நானோ ஜெயித்துவிட்டேன் என்ற மிதப்பில் ஜன்னலோரத்தில் இடது கையாலேயே கடலை உரித்துத் தின்றுகொண்டு வந்தேன்.

வீட்டில் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால், அத்தை வழக்கம்போல் துணியோடு வந்தாள்.

"கட்டாதீங்க அத்தை! சுபேதார் தாத்தாவும் பீச்சாங்கைதான், அப்பாகிட்டக் கேளுங்க!"

அத்தை அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்: "அவரு எந்தக் கையால சாப்பிட்டாருன்னு கல்லுல கொத்தியிருக்கா? அவரு ஆம்பிளை, பட்டாளக்காரரு. நீ நாளைக்கு இன்னொரு வீட்டுல போய்ப் பரிமாற வேண்டியவ."

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ! எழுந்து பூஜையறைக்கு ஓடினேன். அந்த வாளை நவராத்திரியில் ஒவ்வொருவராக எடுத்துப் பார்ப்பது எங்கள் வீட்டு வழக்கம். கைப்பிடியில் ஒரு பக்கமாக ஒரு இரும்பு வளையம் துருத்திக்கொண்டிருக்கும். வலது கையால் பிடித்தால் அது விரல் முட்டியில் இடிக்கும். திருப்பிப் பிடித்தால் வெட்டும் பக்கம் நம்மையே பார்க்கும். நம்மால் பிடிக்கவே முடியாத வாள், அதுதான் சுபேதாரின் மகிமை என்று அப்பா சொல்வார். வளையம் ஆணியில் மாட்டத்தான் என்றும் சொல்வார். நான் இடது கையால் பிடித்தேன். பெருவிரல் அந்த வளையத்துக்குள் தானாகப் போய் உட்கார்ந்தது. வாளைத் தரையில் இழுத்துக்கொண்டு வந்து எல்லார் முன்னாலும் காட்டினேன்.

அப்பா எழுந்து வாளை வாங்கி, வளையத்தை ஆணியில் மாட்டிவிட்டு வந்து, மோர் கேட்டார். என் கை கட்டப்பட்டது. நான் அழுதுகொண்டே தின்றேன். அத்தை அன்று குலத்தைப் பற்றிப் பேசவில்லை.

மறுநாள் பள்ளிக்கூடம் பாதி நேரத்தில் விட்டுவிட்டார்கள். நான் உள்ளே வந்தபோது அத்தை பூஜையறையில் தனியாக நின்றிருந்தாள். வாள் அவள் இடது கையில் இருந்தது. தழும்பு விழுந்த நான்கு விரல்களும் கைப்பிடியை வளைத்திருந்தன. பெருவிரல் வளையத்துக்குள் இருந்தது. அப்பாவுக்கு இரண்டு கையாலும் தூக்கச் சிரமமான வாளை அவள் தோளுக்கு மேல் உயர்த்திப் பிடித்திருந்தாள். என்னைக் கண்டதும் சட்டென்று ஆணியில் மாட்டினாள்.

"தூசி தட்டினேன்" என்றாள். கண் சிவந்திருந்தது. தூசி விழுந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்றும் சாப்பாட்டு நேரத்தில் துணியோடு வந்தாள், கட்டினாள். கையை லேசாக அசைத்தேன், முடிச்சு அவிழ்ந்து துணி கீழே விழுந்தது. அப்பா நிமிர்வதற்குள் அத்தை தன் சேலைத் தலைப்பால் அதை மூடி, அவருக்கும் எனக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டாள். மறுநாளும் அதே கதை. அதற்கப்புறம் அவள் கட்டிய ஒரு கட்டும் நிற்கவில்லை. பாவம், யானையைக் கட்டின கை, அத்தைக்கு அதற்குள் இப்படித் தளர்ந்துபோயிற்றே என்று எனக்கு வருத்தமாக இருந்தது. அவளை வைத்தியரிடம் காட்டவேண்டும் என்று அம்மாவிடம் போய்ச் சொல்லிவிட்டும் வந்தேன்.