ரேவதி வாசித்துக் காட்டிய பாஸ்வேர்டு

அன்றைக்கு மன்ற அறையில் இருந்தவர்கள்... செயலாளர் வரதன் சார், அவர் மனைவி கமலா, நூலகம் பார்க்கும் டேவிட், என் மகன் ஸ்ரீதர், நான். அப்புறம் ரேவதி.

ரேவதி இன்று காலையில் நொய்டா ஆஸ்பத்திரியில் கண்ணை மூடிவிட்டாள். டெங்கு. அவள் அம்மாதான் போன் செய்தாள்.

எங்கள் கிட்வாய் நகர் தமிழ் மன்றத்தின் வெப்சைட்டை அவள்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் வரன் பக்கம் என்று ஒன்று. நம் வீட்டுப் பெண்களின் போட்டோ, போன் நம்பர், விலாசம் எல்லாம் இருக்கும். பாஸ்வேர்டு போட்டால்தான் திறக்கும்.

அந்த வெப்சைட்டுக்குப் போக இரண்டு வழி. ஒன்றில் நாம் அடிப்பதெல்லாம் பூட்டிக்கொண்டு போகும். இன்னொன்றில் திறந்தபடியே போகும், நடுவில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.

திறந்த வழியில் வருகிறவர்களையும் பூட்டிய வழிக்கே திருப்பிவிடும்படி சர்வரில் எழுதி வைத்திருந்தாள் ரேவதி.

பழைய போன்களுக்கு அது ஒத்துவரவில்லை. சிவப்பாக ஏதோ எச்சரிக்கை வந்தது. பயந்துபோய் எல்லோரும் வரதன் சாருக்குப் போன் மேல் போன். அவர் அந்தத் திருப்பிவிடுவதை எடுத்துவிடச் சொன்னார்.

மற்றதெல்லாம் திறந்து கிடக்கட்டும், வரன் பக்கத்தை மட்டும் பூட்டியே வைப்போம் என்று கெஞ்சினாள். அவர் கேட்கவில்லை. அதனால்தான் அன்றைக்கு எங்களை உட்கார வைத்து, கொஞ்ச நேரத்துக்குத் திறந்துவிட்டுக் காட்டினாள்.

மேஜைக்கு அந்தப் பக்கம் லேப்டாப்போடு உட்கார்ந்துகொண்டு, "அச்சா ஆன்ட்டி, உங்க போன்ல பாஸ்வேர்டு போடுங்க. எனக்குக் காட்டாதீங்க" என்றாள்.

போட்டேன். அங்கிருந்தபடியே ஒவ்வொரு எழுத்தாக வாசித்தாள்... பார்வதி கள்ளி.

பார்வதி என் ஓரகத்தி. என் வெண்கலப் பானையைக் கொண்டுபோனவள். எல்லோரும் சிரித்தார்கள். கமலாவுக்கு டீ புரையேறிவிட்டது.

"ஏட்டி, ஒனக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்றேன்.

"திறந்த வழியில வந்துச்சு ஆன்ட்டி. இந்த வைஃபைல உக்காந்திருக்கிற யார் வேணா படிச்சிரலாம்."

வரதன் சார் அப்படியும் எடுக்கத்தான் சொன்னார். எடுத்தாள்.

ஸ்ரீதருக்குக் குர்கானில் இதே சர்வர் வேலைதான். திரும்பி வரும்போது காரில், "அவ சொன்னதுதாம்மா கரெக்ட்" என்றான்.

மழைக்காலம் முடிவதற்குள் நம் பெண்களின் போட்டோக்கள் வாட்ஸாப்பில் எங்கெங்கோ சுற்றின. கண்டவனெல்லாம் போன் செய்தான். ஒரு வீட்டு வாசலில் ஒருவன் வந்தே நின்றான்.

வரதன் சாரின் பாஸ்வேர்டைப் போட்டு யாரோ உள்ளே போயிருந்தார்கள்.

மன்றக் கூட்டத்தில் அவர் சொன்னார்: "இந்த அம்மாவோட பாஸ்வேர்டை எங்க எல்லார் முன்னாடியும் வாசிச்சவதானே இவ? என்னோடதை எடுக்க எவ்வளவு நேரம் ஆகும்?"

தனக்கு வரன் ஒன்றும் அமையவில்லை என்ற வயிற்றெரிச்சல் என்றாள் கமலா. டேவிட் கூரையைப் பார்த்தார்.

நான் எழுந்தேன். ஆபத்தைக் காட்டத்தான் அவள் வாசித்தாள், திறந்துவிடச் சொன்னது நீங்கள் என்றேன்.

"நீங்க உக்காருங்கம்மா. உங்களுக்கு இதெல்லாம் புரியாது."

படிப்பு இல்லைதான். காது இருக்கிறதே.

ரேவதி வேறு யாரையும் பார்க்கவில்லை. ஸ்ரீதரைப் பார்த்தாள். அவன் ஒரு வார்த்தை சொன்னால் அந்தக் கூட்டம் நம்பியிருக்கும்... அவன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வீட்டுக்கு வந்து கேட்டதற்கு, "நமக்கெதுக்கும்மா வம்பு" என்றான்.

அதற்கப்புறம் மலை மந்திர் கோயில் படிக்கட்டில் அவள் வந்தால் தாய்மார்கள் தங்கள் பெண்களைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்கள். யார் யார் என்று இப்போதும் சொல்வேன்.

என்னிடம் மட்டும் வந்து நின்றாள். தன்னைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. "ஆன்ட்டி, பாஸ்வேர்டு மாத்திட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

மாற்றிவிட்டேன். ஆனாலும் போனில் எதை அடித்தாலும் எதிரே உட்கார்ந்து அவள் ஒவ்வொரு எழுத்தாக வாசிப்பது கேட்கிறது. நிமிர்ந்து பார்த்தால் வெறும் நாற்காலிதான் இருக்கிறது.

காலையிலிருந்து அந்தக் குரல் இன்னும் கிட்டத்தில்... இதை அடிக்கும்போதும்.

அந்தக் கூட்டத்துக்குப் பிறகு ரேவதியை நீக்கிவிட்டு வெப்சைட்டை ஸ்ரீதரிடம் கொடுத்தார்கள். அவன் செய்த முதல் வேலை, திறந்த வழியில் வருகிறவர்களைப் பூட்டிய வழிக்குத் திருப்பிவிட்டது. அவள் எழுதியிருந்த அதே வரிகளாம். வரதன் சார் அவனுக்குச் சால்வை போர்த்தினார். இவன் குனிந்து வாங்கிக்கொண்டான்.

போய் வா தாயி. நீ எதையும் எடுக்கவில்லை. கூட இருந்து பார்த்தவள் சொல்கிறேன், படிக்கிறவர்கள் படிக்கட்டும்.

வரதன் சாருக்கு இதில் ஒன்றும் தெரியாது. தெரியாமல் பேசினார்.

எல்லாம் தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தவன் ஒருவன்தான். அவனை என் கட்டை வேகும் வரை மன்னிக்க மாட்டேன்.

என் மகன் ஸ்ரீதர்.