ராக்கெட்டுக்குப் பரஸ்தானம்

ராக்கெட்டுக்கு ராகுகாலம் உண்டா? எங்கள் வீட்டில் உண்டு!

ஆறாம் வகுப்புப் படிக்கும் என் மகள் மீனு, போன திங்கட்கிழமை ஸ்கூலில் ஒரு ராக்கெட்டைக் கிளப்பிக் காட்ட வேண்டியிருந்தது. பெரிய சமாச்சாரமில்லை. பிளாஸ்டிக் பாட்டிலில் கால்வாசித் தண்ணீர், வாயில் ஒரு கார்க், அதில் குத்திய, பந்துக்குக் காற்றடிக்கும் ஊசி, ஊசியோடு ஒரு சைக்கிள் பம்ப். காற்று ஏற ஏறக் கார்க் பிய்த்துக்கொள்ளும். தண்ணீர் கீழே பீய்ச்சும், பாட்டில் மேலே பறக்கும். அவ்வளவுதான்.

திருவனந்தபுரத்தில் தெருவுக்கு ஒரு ராக்கெட் என்ஜினீயர் இருப்பார். நாங்கள் குடியிருக்கும் ஸ்ரீவராகத்தில் எதிர்வீட்டு விசாலம் மாமியும் அந்த வேலையிலிருந்து ரிட்டயர் ஆனவர்தான். ஆனால் ஒரு பாட்டிலுக்கும் பம்புக்கும் போய் அவரிடம் யோசனை கேட்பதா... நான் எதற்கு இருக்கிறேன்?

சனிக்கிழமை மொட்டைமாடியில் முதல் முயற்சி. கார்க் ஓரமாகக் காற்று கசிந்து புஸ்ஸென்று போனது. மீனுவின் முகம் தொங்கிவிட்டது. விடுவேனா? மறுநாள் காலை, குழாய் ஒழுகலுக்கு வாங்கி வைத்திருந்த பசையைக் கார்க்கைச் சுற்றி அப்பினேன். கல் மாதிரி இறுகியது. இனி ஒரு சொட்டுக் காற்று வெளியே போகட்டும், பார்க்கலாம்!

அப்போதுதான் என் மனைவி லலிதா காலண்டரைப் பார்த்தாள்.

"நாளைக்கு ஏழரைலேர்ந்து ஒம்பது ராகுகாலம். ஸ்கூல் பஸ் ஏழே முக்காலுக்கு."

"வாராவாரம் திங்கக்கெழமை அதே பஸ்லதானே போறா?"

"அவ போறது சாரமில்லை, போகட்டும். இது ராக்கெட்டாக்கும்!"

கிளம்பும் நேரம் சரியில்லையென்றால், முன்கூட்டியே நல்ல நேரம் பார்த்துப் பெட்டியை வேறொரு வீட்டில் கொண்டு வைத்துவிடுவது எங்கள் தெரு வழக்கம். பரஸ்தானம் என்று பெயர். பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாக அர்த்தம். ஆக, ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு ராக்கெட் எதிர்வீட்டுக்குப் பயணமானது. நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

சாயங்காலம் விசாலம் மாமியே ராக்கெட்டும் கையுமாக வந்து நின்றார். அவர் சிரிக்கவில்லை.

"இது யார் பண்ணினது?"

"நான்தான் மாமி!" — குரலில் எவ்வளவு பெருமை என்கிறீர்கள்!

"கார்க்க ஒட்டி வச்சிருக்கேளே, பின்னே அது எப்படிக் கழலும்? கொழந்த காத்தடிச்சிண்டே இருப்பா. பாட்டில் அவ மொகத்துக்கு நேரே வெடிச்சுப் பொட்டித் தெறிக்கும், கேட்டேளா?"

மீனு பம்பின் மேல் குனிந்திருப்பதும், சுற்றிப் பிள்ளைகள் நிற்பதும் கண்ணில் வந்து போயின. கார்க் பிய்த்துக்கொண்டால்தான் ராக்கெட் என்று மேலே எவ்வளவு அழகாக விளக்கினேன்? அதைத்தான் ஒட்டி வைத்திருந்தேன்!

மாமி புது பாட்டில் எடுத்தார். கொஞ்சம் பெரிய கார்க்காகப் பார்த்துக் கையால் அமுக்கினார். பம்புக்கு நீள டியூப் மாட்டி, "பத்தடி தள்ளி நின்னு அடி மோளே" என்று மீனுவுக்குச் சொன்னார்.

திங்கட்கிழமை ஆபீஸில் எனக்கு வேலையே ஓடவில்லை. பதினோரு மணிக்கு டீச்சரின் போனிலிருந்து மீனு கூவினாள்: "அப்பா, அடிபொளி! மூணாவது மாடி வரைக்கும் போச்சு!"

அப்பாடா... நாற்காலியில் அப்படியே சாய்ந்துவிட்டேன். மீனு பத்திரம். மூன்றாவது மாடியெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

வீட்டில் லலிதாவைக் கையில் பிடிக்க முடியவில்லை. "பரஸ்தானத்தைப் பார்த்துச் சிரிச்சேளே!" மாமியிடமே கேட்டேன், இதிலெல்லாம் உங்களுக்கு நம்பிக்கை உண்டா என்று.

"எது பண்ணினாலும், கெளம்பறதுக்கு முன்னாடி அதைப் பண்ணாத இன்னொருத்தர் பார்க்கணும். எங்க ஆபீஸ்ல அது ரூல். நீங்க பரஸ்தானம்ங்கறேள்... வச்சுக்கோங்கோ."

இந்த வாரப் பத்தியையும் எதிர்வீட்டில் ஒரு மணி நேரம் வைத்திருந்துதான் அனுப்புகிறேன். நான்கு இடத்தில் சிவப்பு மை!