மூன்றாம் பாறைக்கு ஒரு நாடா

வீட்டுக்கு யார் வந்தாலும் அம்மா முதலில் பார்ப்பது வாசலில் கழற்றிவிட்ட செருப்பைத்தான். குனிந்து எடுத்து, தையலின் மேல் கட்டைவிரல் நகத்தை ஓட்டுவார். நகம் எங்காவது தட்டினால், "இது ஆறு மாசம்கூட வராது" என்று வந்தவரின் முகத்துக்கு நேரே சொல்வார். காலணித் தொழிற்சாலையின் தையல் பிரிவில் முப்பத்தோராவது ஆண்டு. வயது ஐம்பத்தெட்டு.

மாதத்தின் முதல் ஞாயிறு மலைக்கு உரியது. உச்சியில் மூன்று பாறைகள், அவசரமாக அடுக்கிய பெட்டிகளைப்போல் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கின்றன. இரண்டாவதிலிருந்து மூன்றாவதற்கு ஐந்தரை அடி செங்குத்து. கால் வைக்க இடமில்லை. விளிம்புக்கு ஒரு சாண் கீழே பழைய இரும்பு முளை ஒன்று மட்டும் உண்டு. அப்பா முதலில் தாவி ஏறுவார், குப்புறப் படுப்பார், அம்மாவுக்குக் கையை நீட்டுவார். இருபத்தாறு ஆண்டுகள் இப்படித்தான்.

"கை குடுக்கறதுக்குள்ள நாலு தடவை ‘என்ன கனம்டி’ன்னுவார் உங்கப்பா. ஆனா ஒரு தடவைகூட விட்டதில்ல."

அப்பா தவறிப்போய் ஏழு மாதம். அதன்பின் அம்மா இரண்டு முறை தனியே போனார். இரண்டு முறையும் செங்குத்தின் அடியில் நின்றுவிட்டுத் திரும்பினார். நான் கூட வருகிறேன் என்றேன்.

"நீ வந்தா கை குடுப்ப. அடுத்த மாசம் யாரு குடுப்பா?"

தொழிற்சாலையில் கழித்துப்போட்ட பட்டை நாடாவைக் கேட்டு வாங்கிவந்தார். மேல் முனையில் முளைக்கு ஒரு வளையம், கீழ் முனையில் காலுக்கு ஒரு வளையம். லிஃப்ட் வடங்களைச் சோதிப்பது என் வேலை. இன்னும் நெருக்கமாகத் தைக்கச் சொன்னேன்.

"நெருக்கித் தைச்சா ஊசி ஓட்டையே நாடாவைக் கிழிச்சிடும்டா. நீ படிச்ச படிப்புல ஊசியே கெடையாதா?"

இரண்டு தைத்தார். ஒன்றை எங்கள் பணிமனையில் இழுத்துப் பார்த்தேன். அவர் எடையைப்போல் எட்டு மடங்கில் அறுந்தது. அறுந்தது நாடா, தையல் அப்படியே இருந்தது. வீட்டுக்கு வந்து சொன்னேன். "தெரியும்" என்றார்.

போன ஞாயிறு, அடிவாரக் காவல் குடில்வரை வர அம்மாவிடம் அனுமதி கிடைத்தது. காவலர் தன் தொலைநோக்கியைக் கொடுத்தார்.

"பயப்படாதீங்க தம்பி. இப்பக்கூட என் பூட்ஸைக் குறை சொல்லிட்டுத்தான் மேல போனாங்க."

பதினொன்று நாற்பது. அம்மா முளையில் நாடாவை மாட்டினார். வளையத்தில் கால் வைத்தார். எம்பினார், சறுக்கிக் கீழே வந்தார். நான் பாதையில் நாலடி முன்னால் போயிருந்தேன். அங்கிருந்து உச்சிக்கு இரண்டு மணி நேர ஏற்றம்.

மறுபடி கால் வைத்தார். விளிம்பில் வயிறு ஏறியது. பிறகு ஒரு முழங்கால். பிறகு முழு அம்மா.

ஏறியவர் எழுந்து நிற்கவில்லை. திரும்பிக் குப்புறப் படுத்தார். கையைக் கீழே நீட்டினார்.

"யாருக்குக் கை குடுக்கறாங்க?" என்றார் காவலர்.

"யாருக்கும் இல்ல. நாடாவை எடுக்கறாங்க."

அப்பா படுக்கும் அதே இடம். தொலைநோக்கியில் எல்லாம் கலங்கித் தெரிந்தது. திருகிப் பார்த்தேன், பழுது அதில் இல்லை.

மீண்டும் பார்த்தபோது அம்மா எழுந்து உட்கார்ந்திருந்தார். எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. நாடாவை மடியில் போட்டு, தையல் நெடுகக் கட்டைவிரல் நகத்தை ஓட்டிக்கொண்டிருந்தார்.