மூக்கால் போன் எடுக்கும் செல்லம் அக்கா

மண்டபத்தூர் செல்லம் அக்கா மூக்கை ஒரு தடவை அசைத்தால் போதும், வானத்தில் சுற்றுகிற செயற்கைக்கோள் அப்படியே நின்று, "சொல்லுங்கக்கா" என்று கேட்கும். நம்பாதவர்கள் காலை பத்து மணிக்குக் காரைக்காலில் அவள் மீன் கூடையை இறக்கும் தெருவுக்கு வந்து பார்க்கலாம். இரண்டு கையிலும் செதில் ஒட்டியிருக்கும். ஈர விரலைப் போன் மதிக்காது. மணி அடித்தால் அக்கா குனிந்து மூக்கு நுனியால் ஓர் இழுப்பு இழுப்பாள், வாடிக்கைக்காரர் பேசுவார்.

வீட்டுக்கு அந்த ஒரு போன்தான். மகள் எழில்மதி பத்தாவது படிக்கிறாள். பாடமெல்லாம் வாட்ஸப் குழுவில் வரும். போனோ மீனோடு தெருத்தெருவாகப் போய் மாலையில்தான் வீடு திரும்பும். ஒருநாள் மூக்கு தடம் மாறி, "நெத்திலி வந்துருக்கு, சங்கரா வந்துருக்கு, வேணுங்கிறவங்க சொல்லுங்க" என்ற குரல் பத்தாம் வகுப்புக் குழுவுக்குப் போய்விட்டது. எழில்மதி வெட்கத்தில் இரண்டு நாள் அம்மாவிடம் பேசவில்லை. கணக்கு டீச்சர் மட்டும் அரைக் கிலோ நெத்திலி கேட்டார்.

அக்கா கூடை இறக்கும் இடத்துக்கு எதிரே ஒரு செல்போன் கடை. அதில் உட்கார்ந்திருப்பவன் தௌஃபீக். வயது பதினேழு. ஒன்பதாம் வகுப்பும் அவனும் இரண்டு வருஷம் சேர்ந்திருந்து பார்த்து, ஒத்துவராமல் பேசிப் பிரிந்தார்கள். அக்காவின் போன் மணியைத் தவளைச் சத்தமாக மாற்றி வைத்தவனும் அவன்தான். அவனுடைய தொழில்நுட்ப அறிவு மொத்தம் ஒரே வரி: போன் எதைக் கேட்டாலும் 'எஸ்' அமுக்கு.

இந்த அறிவாளியிடம்தான் அக்கா ஒரு தாளை நீட்டினாள். டேப்லெட் இல்லாத பிள்ளைகளுக்கு ஏதோ ஓர் அறக்கட்டளை இலவசமாக டேப்லெட் தருகிறதாம். விண்ணப்பம் இணையத்தில் மட்டும், இங்கிலீஷில் மட்டும், இன்று மாலை ஐந்து வரை மட்டும்.

"டேய் தௌபீக்கு, இது வந்துட்டா அவ பாட்டுக்குப் படிப்பா, நான் பாட்டுக்கு விப்பேன். ஒழுங்கா போட்டுருவியாடா?"

"யார்ட்டக்கா கேக்குறீங்க? கண்ண மூடிக்கிட்டே போடுவேன்."

அப்படித்தான் போட்டான். ஒரு கேள்வி வந்தது, எஸ். இன்னொன்று, எஸ். மூன்றாவதற்கும் எஸ். திரை சிவந்தது.

"என்னாடா செவக்குது?"

"நல்லதுக்கா. செவுளு செவப்பா இருந்தா நல்ல மீனுதானே? அது மாதிரி."

அக்கா அவனை ஒரு பார்வை பார்த்தாள். பழைய மீனுக்கு மேல் புது மீனைப் பரப்புகிறவர்களைப் பார்க்கிற பார்வை. கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

மத்தியானம் பிரியாணி தின்று ஒரு தூக்கம் போட்ட பிறகுதான் சிவந்த திரையைப் படம் பிடித்து மொழிபெயர்ப்பில் போட்டான். 'உங்கள் வீட்டில் ஏற்கனவே டேப்லெட் உள்ளது. ஆகவே தகுதி இல்லை.' இல்லாத டேப்லெட்டை அந்த வீட்டில் கொண்டுபோய் வைத்தவன் அவனேதான். மணி நாலு. நாற்காலியை இழுத்துப் போட்டுத் திரையை மேலும் கீழும் துழாவினான்.

திருத்திக்கொள்ளலாம் என்று ஒரு மூலையில் பொடி எழுத்தில் இருந்தது. அதற்கு ஒரு நம்பரைப் போட்டு, அதில் வரும் ஓடிபியைக் கொடுக்க வேண்டும். அக்கா நம்பரைப் போட்டால் அவளைக் கூப்பிட்டு உண்மையைச் சொல்ல வேண்டும். தன் நம்பரைப் போட்டான். பரீட்சைத் தாளைக்கூட இத்தனை கவனமாகப் படித்ததில்லை. ஒவ்வொரு கேள்வியையும் தமிழாக்கிப் படித்துப் பதில் போட்டான். நம்பருக்கு உரியவர் பிள்ளைக்கு என்ன உறவு என்று கேட்டது. அக்கா என்றுதானே கூப்பிடுகிறோம் என்று நினைத்துத் தாய்மாமன் என்று போட்டான். ஐந்தாக நாலு நிமிஷம் இருக்கையில் திரை பச்சையானது.

பத்து நாள் கழித்து, சார்ஜர் வாங்க அக்கா கடையில் நிற்கும்போது அவன் போன் அடித்தது. ஊர் போனையெல்லாம் சரிசெய்கிறவனின் சொந்தப் போன் பழுது, ஸ்பீக்கரில்தான் பேச முடியும்.

"அறக்கட்டளையிலேர்ந்து பேசுறோம். எழில்மதியோட தாய்மாமன் தௌஃபீக்குங்களா?"

அக்கா பக்கம் திரும்பாமல், "ஆமாங்க சார்" என்றான்.

"முதல்ல டேப்லெட் இருக்குன்னு போட்டிருக்கீங்க. அப்புறம் இல்லேங்கிறீங்க. எது உண்மை? சரியாச் சொல்லலேன்னா பொண்ணு பேர எடுத்துருவோம்."

பொய்கள் நாக்கு நுனியில் வரிசைகட்டி நின்றன. ஒன்றுகூட உதவாது என்று தெரிந்தது.

"இல்லைங்க சார். ஒரே போனுதான், அதுவும் மீனோட போயிடும். நான்தான் இங்கிலீஷ் தெரியாம எல்லாத்துக்கும் எஸ் போட்டுட்டேன்."

அந்தப் பக்கம் தாள் புரட்டி எதையோ எழுதும் சத்தம் கேட்டது.

"சரி. சனிக்கிழமை பொண்ண அழைச்சிக்கிட்டு வாங்க."

தௌஃபீக் எதையோ தேடுகிறவன் போல மேசைக்கு அடியில் குனிந்துகொண்டான்.

"எந்திரிடா" என்றாள் அக்கா. "பொய் சொன்னதுக்கு அப்பறம் வச்சிக்கிறேன். தாய்மாமன்னு எழுதிக் குடுத்துட்டல்ல? சனிக்கிழமை வெறுங்கைய வீசிக்கிட்டு வருவியா, சீரு எடுத்துக்கிட்டு வருவியா?"