எல்வுட்டின் இடது காது

எல்வுட் டேக்கெட்டுக்கு மூக்கே கிடையாது என்று ஊரில் ஒரு பேச்சு. முகத்தின் நடுவே குடைமிளகாய் அளவுக்கு ஒன்று இருப்பதை யாரும் மறுக்கவில்லை. ஊர் சொல்வது வேறு. அவருடைய மதுக்கடைக்காகப் பதினோரு வருஷமாகப் பீப்பாய் தேர்ந்தெடுத்தது அவர் மூக்கு அல்ல, மனைவி வெர்னாவின் மூக்கு. போன அக்டோபரில் அந்த மூக்கு படூக்கா நகரத்துக்குக் குடிபோய்விட்டது. வெர்னாவும் கூடவே போய்விட்டாள்.

ஊர்ப்பேச்சை அப்படியே நம்பக்கூடாது என்று விசாரிக்கப் போனால், முடிவெட்டுகிறவர் கத்தரியை நிறுத்தாமலே சொன்னார்: "விவாகரத்துல வீடு அவனுக்கு, மூக்கு அவளுக்குன்னு ஜட்ஜே எழுதிட்டாராம்." பாப்டிஸ்ட் பாதிரியார், தாம் குடிப்பதே இல்லை என்று ஆரம்பித்து, ஆனாலும் முந்தின வருஷப் பீப்பாய்தான் உசத்தி என்று முடித்தார். ஆக, பிப்ரவரியில் எல்வுட் விஸ்கி வடிசாலைக்குப் போன அந்தச் செவ்வாய்க்கிழமையைத்தான் சாட்சிக்குக் கூப்பிட வேண்டியிருக்கிறது.

அன்று கிடங்கில் டார்லா எல்லாம் தயாராக வைத்திருந்தாள். கடைக்காரர்களுக்குப் பீப்பாய் திறந்து காட்டுவது அவள் வேலை. பழக்க தோஷம், இரண்டு நாற்காலி, ஆறு கண்ணாடிக் கோப்பை. எல்வுட் தனியாக நுழைந்ததும் மூன்று கோப்பைகளை எடுக்கப் போனாள்.

"இருக்கட்டும் டார்லா. அதுபாட்டுக்கு இருக்கட்டும்."

மூன்று பீப்பாய்கள். மூன்றிலும் ரை என்ற தானியத்தில் வடித்து ஆறு வருஷம் ஊறிய விஸ்கி, பிறகு பிரெஞ்சு இனிப்பு ஒயின் இருந்த பீப்பாய்க்கு மாற்றி எட்டு மாதம். ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் அது மொத்தமும் பாட்டிலாகிக் கடைக்கு வரும். பிடிக்கவில்லை என்று திருப்பி அனுப்ப முடியாது. வசந்தம் முழுக்கக் கடை அந்த ஒரு பீப்பாயின் தோளில்தான் நிற்கும். போன வருஷம்வரை பாட்டில் ஒட்டுச்சீட்டில் 'தேர்வு: எல்வுட், வெர்னா' என்று இருந்தது. இந்த வருஷம் சொதப்பினால் ஊர் என்ன சொல்லும் என்பதை ஊர் முன்கூட்டியே சொல்லிவிட்டதே.

தேர்வுக்கென்று புருஷனும் பெண்டாட்டியும் ஒரு சட்டம் வைத்திருந்தார்கள். ருசிக்கும்போது பேச்சு கூடாது. பிடித்த கோப்பையின் கீழே உள்ள காகிதத்துக்கு அடியில் ஆளுக்கொரு ரை தானிய மணியை ஒளித்துவைக்க வேண்டும். பிறகு ஒன்றாகத் தூக்கிப் பார்க்க வேண்டும். கருத்து பிரிந்தால் கடைக்காரர் எல்வுட் சொன்னதே செல்லும், ஆனால் ஜெயித்தவர் தோற்றவருக்கு ஆற்றங்கரைக் கடையில் கெளுத்தி மீன் வறுவல் வாங்கித் தர வேண்டும். பதினோரு வருஷத்தில் யாரும் யாருக்கும் மீன் வாங்கித் தரவில்லை. இரண்டு மணிகளும் எப்போதும் ஒரே பீப்பாயின் கோப்பைகளுக்கு அடியில்தான்.

டார்லா செம்புக் குழாயால் உறிஞ்சியெடுத்து ஊற்றினாள். எல்வுட் முகர்ந்தார், துளி தண்ணீர் விட்டார், ருசித்தார், துப்பினார். பிறகு எதிர் நாற்காலியைப் பார்த்தார். பார்க்க அங்கே ஒரு கை இல்லை.

"ஊர் சொல்றது நெசந்தான் டார்லா. வெர்னா கை எந்தப் பக்கம் போகுதோ, என் மணியும் அந்தப் பக்கம் போயிடும். பதினோரு வருஷமும்."

டார்லா இருமல் வரும் வரைக்கும் சிரித்தாள்.

"அடக் கடவுளே! அவ உங்க காதப் பாத்துல்ல வெச்சா!"

"எந்தக் காத?"

"இடது காது. நல்ல சரக்கு நாக்குல பட்டா ஓரமா செவந்துடும். மூணாவது வருஷமே எனக்குக் காட்டிக் குடுத்துட்டா. உங்ககிட்ட சொன்னா காது உஷாராயிடும், சொல்லிடாதேன்னா."

எல்வுட் காதைத் தொட்டுப் பார்த்தார். பனிக்கட்டியாக இருந்தது.

"சரி, இப்பப் பாத்துச் சொல்லு."

"இந்தக் குளிர்ல ரெண்டு காதும் தக்காளிதான். என் காதும் அப்படித்தான் இருக்கு. அதுவுமில்லாம நான் கம்பெனி ஆளு, வாயத் தொறந்தா வேலை போயிடும்."

எல்வுட் கோப்பைகளை ஒவ்வொன்றாகக் கழிப்பறைக்கு எடுத்துப்போய்க் கண்ணாடி முன் நின்று ருசித்தார். பார்க்கிறார் என்று தெரிந்ததும் காது கல்லுளிமங்கன் மாதிரி இருந்துவிட்டது. வெர்னா சொன்னது சரி.

திரும்பி வந்து உட்கார்ந்தார். முதல் கோப்பை அடுப்பில் மறந்துபோன ஜாம். இனிப்பு தானியத்தை அமுக்கிவிட்டது. இரண்டாவதில் முதலில் ரையின் காரம், புதினா வாடை, எல்லாம் போனபிறகு சாவகாசமாகத் தேன். மூன்றாவதில் உலர்ந்த ஆப்ரிகாட், பின்னால் மரத்தின் துவர்ப்பு, விட மனசில்லாமல். இரண்டா மூன்றா? உள்ளங்கையில் மணி வேர்த்தது. கடைசியில் இரண்டாவதன் அடியில் வைத்தார். வைத்த பிறகும் வழக்கம்போல எதிராளி முடிக்கட்டும் என்று காத்திருந்தார்.

சற்றுப் பொறுத்து டார்லாதான் காகிதத்தைத் தூக்கினாள். "ஒண்ணுக்கு சைபர். ஏகமனதாத் தேர்வு."

பீப்பாயின் முகத்தில் சாக்கட்டியால் கையெழுத்துப் போட்டார். பக்கத்தில் இன்னொரு பெயருக்கு இடம் விட்டே போட்டார்.

வெளியே வரும்போது மூன்று பீப்பாயிலிருந்தும் சின்னச் சீசாவில் கொஞ்சம் வாங்கி, ஒன்று இரண்டு மூன்று என்று எழுதி, வழியில் வெர்னாவின் தங்கை நடீன் வீட்டில் நிறுத்தி அவளிடம் கொடுத்தார்.

"ஞாயித்துக்கிழமை படூக்கா போறப்ப உங்கக்காகிட்ட குடு. நான் எடுத்தது எதுன்னு சொல்லிடாத."

"அது உங்களுக்கே தெரியுமா அத்தான்?" என்றாள் நடீன். ஊர்ப்பேச்சு அந்தத் தெருவுக்கும் போயிருந்தது.

பத்து நாள் கழித்து ஓர் அட்டை வந்தது. மூன்று வட்டங்கள் வரைந்து, மூன்றாவது வட்டத்தின் கீழே ஒரு ரை மணி ஒட்டியிருந்தது. அதற்கடியில் வெர்னாவின் கோணல் கையெழுத்து: "உன் காது இல்லாம ரொம்பக் கஷ்டமாப் போச்சு. ரெண்டு நாளாச்சு முடிவு பண்ண."

பாட்டில்கள் வந்தன, விற்கின்றன. முடிவெட்டுகிறவர் ஒன்றுக்கு இரண்டாக வாங்கிப்போய், சுமார்தான் என்றார். மூன்றாம் பீப்பாயை லூயிவில் கடை ஒன்று எடுத்ததாகவும், அது பிரமாதம் என்றும் இப்போது ஒரு புதுப் பேச்சு. அதை யாரும் விசாரிக்கப் போவதாக இல்லை.

அட்டை கல்லாவுக்கு மேலே குத்தியிருக்கிறது. கருத்து பிரிந்தது, கடைக்காரர் ஜெயித்தார். சட்டம் சட்டம்தான். எல்வுட் கடைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. ஆற்றங்கரை மீன் கடைக்கும் அன்றைக்கேதான் விடுமுறை என்று, யார் கேட்டாலும் சொல்கிறார். படூக்காவுக்கு இன்னும் அவர் போன் செய்யவில்லை. வெர்னாவுக்கு ஒரு தட்டு கெளுத்தி மீன் பாக்கி நிற்கிறது.